ஏற்காட்டில் முதல் டென்ட் இரவு: புதிதாகப் போகும் தம்பதிகளுக்கு

ஏற்காடு ஏரிக்கரையில் டென்ட் போட்டுத் தங்கலாமா என்று கேட்டால், முடியாது. பெரிய ஏரியைச் சுற்றிச் சாலை, ஒரு பக்கம் படகு இல்லம், பக்கத்திலேயே அண்ணா பூங்கா, மிச்சமெல்லாம் ஓட்டலும் பஜ்ஜிக் கடையும். அங்கே கூடாரம் அடிக்க யாரும் விடமாட்டார்கள். ஆனால் இணையத்தில் தேடிப் பாருங்கள், "ஏரிக்கரை டென்ட்", "லேக் வியூ கேம்பிங்" என்று வரிசையாக வந்து விழும். நானும் என் வீட்டுக்காரரும் அதை நம்பித்தான் தேட ஆரம்பித்தோம். முன்பணம் வாங்கியவர் அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. இன்னொரு இடத்தில் என் ஆதாரில் அப்பா பெயர் இருக்கிறதென்று வாசலிலேயே நிறுத்தி வைத்தார்கள். இப்படி ஒவ்வொன்றாகப் பட்டுத் தெரிந்துகொண்டதைக் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நீங்கள் நேராகப் போய்ப் படுத்துத் தூங்குங்கள்.

1. முதலில் இடம் யாருடையது என்று பாருங்கள்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நீங்கள் சட்டப்படி டென்ட் போடக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான்: உரிமையாளர் அனுமதித்த பட்டா நிலம். அதாவது காபி எஸ்டேட், பண்ணை வீடு, ரிசார்ட் வளாகம். மலையில் நிறைய இடம் காப்புக்காடு. அதற்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், இரவு தங்குவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2018இல் குரங்கணியில் காட்டுத் தீ விபத்து நடந்ததிலிருந்து மலையேற்றத்துக்கும் கெடுபிடி அதிகம். "எனக்கு ஒரு ஸ்பாட் தெரியும், யாரும் கேட்கமாட்டாங்க" என்று ஒரு நண்பர் சொல்வார். எல்லாருக்கும் அப்படி ஒரு நண்பர் உண்டு. அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

காட்டுக்குள் நடந்தே ஆக வேண்டும் என்று ஆசை இருந்தால் அதற்குத் தனி வழி இருக்கிறது. 2024இல் அரசு தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் சேலம் மாவட்டப் பாதைகளும் உண்டு. கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூர், நாகலூரிலிருந்து சன்னியாசிமலை. இணையத்தில் முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு பகலில் போய் வரலாம். காட்டுத் தீ பயமுள்ள மாதங்களில் நிறுத்திவிடுவார்கள். அது பகலுக்கு, டென்ட் இரவுக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, விளம்பரத்தில் வரும் "ஏரி" எது? பெரும்பாலும் எஸ்டேட்டுக்குள் பாசனத்துக்கு வெட்டிய குட்டை. அதிலொன்றும் குறையில்லை. மூடுபனி இறங்கும்போது குட்டையும் அழகாகத்தான் இருக்கும், பெரிய ஏரியைவிடக் கூட்டமும் இருக்காது. ஆனால் படத்தில் அகலமான ஏரி, கரையோரம் வரிசையாக வண்ண டென்டுகள், பின்னால் மொட்டை மலைகள் என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். மகாராஷ்டிராவின் பாவ்னா ஏரிப் படத்தை எடுத்து ஏற்காடு என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீடியோ கால் போட்டு இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆள் என்றால் காட்டுவார். "சிக்னல் இல்லைங்க" என்றால், சிக்னல் வரும்போது காட்டச் சொல்லிவிட்டு அதுவரை பணம் அனுப்பாதீர்கள்.

2. மாதமும் கிழமையும்

முதல் முறை போகிறவர்களுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், குளிர் இரவில் 13 டிகிரி வாக்கில் நிற்கும், எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கும் வேலையையும் பார்க்கலாம். செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் மழை கொட்டும். மலைப்பாதையில் மண் சரிவதும் அப்போதுதான்.

மார்ச், ஏப்ரலில் சருகு காய்ந்து கிடக்கும். நல்ல எஸ்டேட்காரர்கள் அப்போது கேம்ப் ஃபயர் மூட்டவே விடமாட்டார்கள், விடுகிறவரிடம் தங்காதீர்கள். மே மாதம் கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வரும். கூட்டம் பிடிக்கும் என்றால் போங்கள்.

கிழமையைப் பொறுத்தவரை ஞாயிறு இரவு தங்குங்கள். சனிக்கிழமைக் கூட்டம் ஞாயிறு மதியமே மூட்டை கட்டிவிடும், வாடகையும் இறங்கும், பேரம் பேசவும் இடமிருக்கும். திங்கட்கிழமை ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

3. பணம் அனுப்பும் முன் போனில் கேட்க வேண்டியவை

எந்தக் கேள்விக்கும் "எல்லாம் இருக்குதுங்க, நீங்க வாங்க" என்ற ஒரே பதில்தான் வரும். ஆகவே கேள்வியைத் துண்டு துண்டாகக் கேளுங்கள்.

முதல் கேள்வி கழிப்பறை. இது வெட்கப்படுகிற விஷயமே இல்லை, ராத்திரி இரண்டு மணிக்கு யோசிக்கிற விஷயம். டென்டிலிருந்து எத்தனை அடி தூரம்? வழியில் விளக்கு எரியுமா, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு? உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? எத்தனை டென்டுக்கு ஒன்று? வெந்நீர் உண்டா, கிடைக்கும் நேரம் எது? பெண்களுக்குத் தனியா? குறிப்பாகக் கணவன்மார்களுக்குச் சொல்கிறேன், இந்தக் கேள்விகளை நீங்களே கேளுங்கள். பயணம் பாதி நல்லபடியாக முடிந்த மாதிரி.

அடுத்தது, அன்றைக்கு வேறு யார் தங்குகிறார்கள். பக்கத்து டென்டில் நண்பர்கள் கூட்டம் ஒன்று ப்ளூடூத் ஸ்பீக்கரோடு வந்தால் நீங்கள் காட்டில் இருக்கிறீர்களா கல்யாண மண்டபத்தில் இருக்கிறீர்களா என்று தெரியாது. குடும்பங்களை மட்டும் சேர்க்கும் இடங்களும் இருக்கின்றன. இரவு பத்துக்கு மேல் பாட்டு நிறுத்தப்படுமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

அப்புறம்: இரவில் ஆள் இருப்பாரா? வாட்ச்மேன் வளாகத்திலேயே தங்குகிற இடமாகப் பாருங்கள். எஸ்டேட் பக்கம் காட்டெருமை வந்து போவது சகஜம். அதன் வழி தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. மழை வலுத்தால் மாறிக்கொள்ள அறையோ மூடிய கொட்டகையோ உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் மழை மாதத்தில் அந்த இடம் வேண்டாம்.

கடைசியாக, பதிவு எண். கேம்பிங் நடத்துகிறவர்களுக்கென்று மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவுத் திட்டம் இருக்கிறது. எண் கேளுங்கள். கொடுத்தால் நல்லது. கேட்டதும் குரல் மாறினால் அதுவும் ஒரு பதில்தான்.

4. காகிதங்கள்

இரண்டு பேருக்கும் தனித்தனி அடையாள அட்டை வேண்டும், ஒருவருடையது போதாது. ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் இவற்றில் எது இருந்தாலும் போதும், அசலைக் கையில் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பச் சொல்வார்கள். அப்போது முழு ஆதாரை அனுப்பாதீர்கள். ஆதார் இணையதளத்திலேயே கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கலாம், அதை அனுப்புங்கள்.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் சிக்கல். மனைவியின் ஆதாரில் அப்பா பெயர், அம்மா வீட்டு முகவரி. கணவர் அட்டையில் வேறு ஊர். வரவேற்பில் இருப்பவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். திருமணச் சான்றிதழின் படத்தைப் போனில் வைத்திருந்தால் அந்தப் பார்வை சீக்கிரம் முடிந்துவிடும். இன்னும் பதிவு செய்யவில்லையா? தமிழ்நாட்டில் திருமணம் நடந்து 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் தருவார்கள். டென்டுக்காக இல்லாவிட்டாலும் அதை முடித்துவிடுங்கள். அதுவரை கல்யாணப் பத்திரிகையும் கோயில் ரசீதும் கைகொடுக்கும்.

கல்யாணம் ஆகாதவர்கள் சேர்ந்து தங்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றமே 2019 டிசம்பரில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் தனியார் இடம், அவர்களுக்கென்று ஒரு விதி வைத்திருப்பார்கள். வாசலில் நின்று தீர்ப்பைச் சொல்லி வாதாடினால் பொழுதுதான் சாயும். பதிவு செய்யும்போதே விஷயத்தைச் சொல்லி, சரி என்ற பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. எவ்வளவு ஆகும்

நாங்கள் விசாரித்த வகையில், டென்ட், இரவுச் சாப்பாடு, காலை டிபன் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய். சொந்த டென்டோடு போனால் இடத்துக்கு மட்டும் ஆளுக்கு 300 முதல் 600. எல்லாரும் சொந்த டென்டுக்கு இடம் தருவதில்லை, முதலிலேயே கேளுங்கள். கேம்ப் ஃபயர் விறகு, பார்பிக்யூ, வாகன நிறுத்தம் என்று சின்னச் சின்னதாக மேலே ஏறும். "மொத்தம் எவ்வளவு, வரியோடு சேர்த்து" என்று ஒரே தொகையாகக் கேளுங்கள்.

முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். யூபிஐயில் வரும் பெயரும் இடத்தின் பெயரும் ஒட்டவில்லை என்றால் நிறுத்தி விசாரியுங்கள். மழையால் ரத்தானால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால் மீதிப் பணத்தை ரொக்கமாக எடுத்துப் போங்கள்.

6. சாமான்

முதல் முறைக்கு டென்ட் வாங்காதீர்கள். அங்கேயே தருவதில் படுத்துப் பாருங்கள், பிடித்திருந்தால் அப்புறம் வாங்கலாம். 'தரையில படுக்கறதுக்குக் காசு குடுக்கறீங்களா' என்று என் மாமியார் கேட்டார். சிலருக்கு ஒரே இரவில் அவர் கட்சிதான் சரி என்று தோன்றிவிடும்.

வாங்குவது என்று முடிவானால் இரண்டு பேருக்கு மூன்று பேர் டென்ட் வாங்குங்கள். "இருவர் டென்ட்" என்பது தோள் இடிக்கப் படுத்துப் பைகளை வெளியே விடுகிறவர்களுக்கு. 3,000 ரூபாயிலிருந்து 6,000க்குள் நல்லது கிடைக்கும். மழைக்காக டென்டின் மேல் போடும் மேல்விரிப்பு தரைவரை இறங்குகிறதா என்று பாருங்கள். உச்சியில் மட்டும் தொப்பி வைத்த மாதிரி இருந்தால் சாரல் உள்ளே வரும். துணியின் நீர் தாங்கும் அளவு 2,000 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அடியில் விரிக்க சேலத்தில் லாரித் தார்ப்பாய் விற்கிற கடைகளில் ஒரு துண்டு வெட்டி வாங்கிக்கொள்ளலாம், அதற்கென்று ஆன்லைனில் விலை கொடுக்கத் தேவையில்லை.

குளிர் மேலேயிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். வீட்டிலிருக்கும் பவானி ஜமக்காளத்தை மட்டும் விரித்தால் நள்ளிரவுக்குள் ஈரத்தை இழுத்துச் சில்லென்று ஆகிவிடும். அடியில் ஃபோம் பாய், அதன் மேல் ஜமக்காளம், போர்த்திக்கொள்ள ஸ்லீப்பிங் பேக்கோ கெட்டிக் கம்பளியோ. 10 டிகிரி வரை தாங்கும் பேக் ஏற்காட்டுக்குப் போதும். பனிமலைக்கான விலை உயர்ந்தது வேண்டாம்.

மற்றபடி ஆளுக்கொரு தலைவிளக்கு, பவர் பேங்க், குல்லா, மாற்று சாக்ஸ், ஷூ, கொசுவர்த்திக்குப் பதில் பூசும் களிம்பு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள். கொசுவர்த்தியை டென்டுக்குள் கொளுத்தாதீர்கள், நைலான் துணி.

7. மலை ஏறுவது

சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஏற்காட்டுக்கு அடிக்கடி பேருந்து உண்டு. சுமார் ஒன்றரை மணி நேரம், கட்டணம் செலவுக் கணக்கில் தெரியவே தெரியாது. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது. விடியும் முன்னே சேலம் ஜங்ஷனில் இறக்கிவிடும், அங்கிருந்து பேருந்து நிலையத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

பைக்கில் போகிறவர்கள் இரண்டு பேரும் ஹெல்மெட் போடுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் சட்டம் ஒன்றுதான், அபராதம் 1,000 ரூபாய், அடிவாரத்துச் சோதனைச் சாவடியிலேயே நிறுத்துவார்கள். பெட்ரோலைச் சேலத்திலேயே நிரப்புங்கள். கொண்டை ஊசி வளைவுகள் 20. வளைவில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதை மரியாதை. இறங்கும்போது நியூட்ரலில் உருட்டுவது தற்கொலைக்குச் சமம். எந்த கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள், பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். வழியில் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள், பையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். கூட்டம் அதிகமான நாட்களில் அடிவாரச் சாலையை ஏற மட்டும் வைத்துவிட்டு இறங்குபவர்களைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு, திரும்பும் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகக் கணக்கிடுங்கள்.

எப்படிப் போனாலும் நான்கு மணிக்குள் இடத்தில் இருக்க வேண்டும். டிசம்பரில் ஆறு மணிக்கு வெளிச்சம் போய்விடும், மூடுபனி அதற்கும் முந்தி வரும். நாகலூர், மஞ்சக்குட்டை மாதிரி ஊருக்கு வெளியே எஸ்டேட் என்றால் ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும், இருட்டினபின் வாடகை ஏறிவிடும்.

8. டென்ட் அடிப்பது

வெளிச்சத்தில் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். குட்டைக் கரையை ஒட்டிப் போடாதீர்கள். ஈரம், கொசு, தண்ணீர் தேடி வரும் விலங்கு மூன்றும் அங்கேதான். பத்து, பதினைந்து மீட்டர் தள்ளி, சற்று மேடாக இருக்கட்டும். சில்வர் ஓக் மரத்தடி வேண்டாம், காற்றில் கிளை முறியும். தேன்கூடு எந்த மரத்தில் என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள், அந்தப் பக்கம் புகை போகக் கூடாது.

தார்ப்பாயை டென்டின் அடிப்பரப்பைவிடக் கொஞ்சம் சிறிதாக மடித்து விரிக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீர் அதில் விழுந்து உங்கள் முதுகுக்குக் கீழே ஓடி வரும். வாசல் காற்று வரும் திசைக்கு மறுபக்கம் இருக்கட்டும். செம்மண் ஈரமானால் முளைக்குச்சி சுலபமாகப் பிடுங்கிக்கொள்ளும், சாய்த்து அடித்து மேலே கல் வையுங்கள். இழுகயிறுகளை வானம் தெளிவாக இருந்தாலும் கட்டிவிடுங்கள். இருட்டில் தட்டுத் தடுமாறி அதைத் தேடும்போதுதான் முதல் சண்டை வரும்.

காற்றுத் திறப்புகளை மூடாதீர்கள். குளிருதே என்று எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் இரண்டு பேர் மூச்சும் கூரையில் நீராகப் படிந்து விடியலில் சொட்டும். டென்ட் ஒழுகுகிறது என்று எஸ்டேட்காரரிடம் சண்டைக்குப் போவார்கள், ஒழுகியிருக்காது.

9. இரவு

சமைப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவுச் சாப்பாட்டை இடத்துக்காரரிடம் விட்டுவிட்டு, சாயங்காலத்துக்கு மட்டும் தட்டுவடை, காரச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட் எல்லாம் தனித்தனி டப்பாவில் கொண்டுபோனால் தட்டுவடை செட் அங்கேயே போட்டுக்கொள்ளலாம், அடுப்பே வேண்டாம். காலைக்குப் புளிசாதம் தாங்கும். கேஸ் கேன் அடுப்பு வைத்திருப்பவர்கள் பேருந்தில் எடுத்துப் போகக் கூடாது, தீப்பற்றும் பொருளுக்கு அனுமதி இல்லை.

சாப்பிட்ட மிச்சத்தை, பழத்தோலை, பிஸ்கட்டை டென்டுக்குள் வைக்காதீர்கள். வாசனைக்கு எறும்பிலிருந்து பன்றி வரை வரும். மூடிய டப்பாவில் கட்டிடத்துக்குள் கொடுத்துவிடுங்கள். காட்டெருமை தென்பட்டால் விளக்கை முகத்தில் அடிப்பது, செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போவது இரண்டும் கூடாது. அசையாமல் இருந்து, மெதுவாகப் பின்வாங்கி, வாட்ச்மேனுக்குப் போன் செய்யுங்கள். ஷூவை வெளியே விட்டால் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள்.

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்: கரி அடுப்பையோ தணல் சட்டியையோ குளிருக்கு டென்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அணைந்த மாதிரி இருந்தாலும் கரி கார்பன் மோனாக்சைடு விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வெளியே தீ மூட்டினாலும் குழிக்குள், பக்கத்தில் வாளித் தண்ணீரோடு, படுக்கும் முன் ஊற்றி அணைத்துச் சாம்பல் ஆறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

பாம்புக்கடி, விபத்து எதுவானாலும் 108. மலை இறங்க நேரம் பிடிக்கும் என்பதால் நாட்டு மருந்து தேடி ஒரு நிமிஷமும் வீணாக்க வேண்டாம். நீங்கள் தங்குகிற எஸ்டேட்டின் பெயர், பக்கத்து ஊர் பெயர் இரண்டையும் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்; வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

10. காலி செய்வது

காலை பத்து, பதினொன்றுக்குள் இடத்தை விடச் சொல்வார்கள். ஏழரை வரை பனி விலகாது, அதனால் காய வைக்கக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். எழுந்ததும் மேல்விரிப்பை உதறி வெயில் விழும் பக்கம் போட்டுவிட்டு அப்புறம் காபிக்குப் போங்கள். குப்பையை ஒரு பையில் கட்டிச் சேலத்துக்கே கொண்டுவாருங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019இலிருந்து மாநிலம் முழுவதும் தடை இருக்கிறது. இலைத் தட்டும் எவர்சில்வர் டம்ளரும் கொண்டுபோயிருந்தால் கட்ட வேண்டிய குப்பையே குறைவு.

கிளம்பும் முன் ஏதாவது பாதுகாப்புத் தொகை கட்டியிருந்தால் அங்கேயே வாங்கிவிடுங்கள். "ஈவினிங் அனுப்பிடறோங்க" என்றால் அந்த ஈவினிங் வருவதற்கு நாளாகும். வாடகை டென்டில் கிழிசல் இருந்தால் முதல் நாளே போட்டோ எடுத்து அனுப்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது உங்கள் கணக்கில் ஏறும்.

சொந்த டென்ட் என்றால் வீட்டுக்கு வந்த அன்றே மொட்டை மாடியில் பிரித்துப் போடுங்கள். சேலத்து வெயிலில் ஒரு மணி நேரம் போதும். ஈரத்தோடு சுருட்டிப் பரணில் போட்டால் அடுத்த முறை எடுக்கும்போது பூஞ்சை பிடித்து நாறும், துணியின் பூச்சும் உரிந்துவிடும், பிறகு அதைச் சரி செய்ய முடியாது.